கத்திரி டிரம்மர் கைக்கு வந்த கதை

சிகாகோ அரங்குகளில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த வில்லியம் லுட்விக்குக்கு ஒரு தொல்லை இருந்தது. ராக்டைம் பாட்டுகள் ஓடுகிற வேகத்துக்கு அன்றைய பேஸ் டிரம் பெடல் ஈடுகொடுக்கவில்லை. மிதித்த தடி திரும்பி வருவதற்குள் அடுத்த அடிக்கான நேரம் கடந்துவிடும். முதலில் மரத்தில் தானே ஒரு பெடலைச் செய்து பார்த்தார், பிறகு உலோகத்தில் செய்தார். 1909இல் தம்பி தியோபால்டைச் சேர்த்துக்கொண்டு கம்பெனியே தொடங்கிவிட்டார். அணிவகுப்புக் குழுக்களில் இரண்டு மூன்று பேர் பங்கிட்டுக்கொண்ட கொட்டு வேலையை ஒரே ஆள் உட்கார்ந்த இடத்திலிருந்து கையாலும் காலாலும் பார்த்துக்கொள்ளும் வழக்கம் இப்படிப்பட்ட பெடல்களால்தான் நிலைத்தது. ஜாஸ் டிரம்ஸ் என்ற வாத்தியமே ஓர் இயந்திரத்தின் தயவில் உருவானது.

இன்று அதே சிகாகோவில் மகாயா மெக்ரேவன் என்ற டிரம்மர் டிரம்ஸோடு கணினியையும் கலக்கிறார். ஜாஸுக்குள் மின்னணு புகுந்துவிட்டதே என்று வருந்துகிறவர்கள் உண்டு. ஆனால் டிரம்மருக்கும் இயந்திரத்துக்கும் நூறாண்டுக்கு மேற்பட்ட உறவு. அந்த உறவில் யார் கை ஓங்கியிருந்தது என்று பார்ப்பதுதான் பொருள் உள்ள விசாரணை.

1923இல் டிரம்மரின் கை தாழ்ந்தே இருந்தது. சிகாகோவில் கொடிகட்டிப் பறந்த கிங் ஆலிவரின் குழு, இந்தியானா மாநிலத்தின் ரிச்மண்ட் ஊரிலிருந்த ஜெனெட் ஸ்டுடியோவுக்கு இசைத்தட்டு பதிக்கப் போனது. மைக் வராத காலம். பெரிய கொம்புக் குழாய் ஒன்றின் முன்னால் நின்று எல்லோரும் வாசிக்க வேண்டும். அந்த ஒலியின் அதிர்வில்தான் ஊசி மெழுகில் கோடு கிழிக்கும். பேஸ் டிரம்மை ஓங்கி அடித்தால் ஊசி துள்ளிவிடும். அதனால் அந்தக் குழுவின் டிரம்மர் பேபி டாட்ஸ் தன் செட்டை ஒதுக்கிவிட்டு, பெரும்பாலும் சிறு மரக்கட்டைகளைத் தட்டி ஒப்பேற்ற வேண்டியிருந்தது. நடன அரங்கில் கூட்டத்தையே ஆட்டிவைத்தவரை அந்தத் தட்டுகளில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஜாஸ் டிரம்ஸின் முதல் சில ஆண்டு வரலாறு பதிவே ஆகாமல் போனதற்கு இந்த ஊசியும் ஒரு காரணம் என்பது இன்றைக்கும் வலிக்கிற இழப்பு.

மைக் வந்தது, டேப் வந்தது. டேப்போடு கத்தரிப்பும் வந்தது. 1969 ஆகஸ்டில் மைல்ஸ் டேவிஸ் நியூயார்க்கில் 'பிட்சஸ் ப்ரூ' பதிவு செய்தபோது டிரம்ஸில் இருந்தவர்களில் ஒருவர் சிகாகோவில் பிறந்த ஜாக் டிஜானெட். அவர்கள் மூன்று நாள் வாசித்ததைத் தயாரிப்பாளர் டியோ மசேரோ பிளேடால் வெட்டி, இடம் மாற்றி ஒட்டினார். அந்த இசைத்தட்டில் நாம் கேட்கும் சில திருப்பங்களை ஸ்டுடியோவில் யாரும் வாசிக்கவில்லை. அவை வெட்டி ஒட்டும் மேசையில் பிறந்தவை. அற்புதமான வேலைதான். ஆனால் பிளேடு தயாரிப்பாளர் கையில் இருந்தது.

அதே 1969இன் கடைசியில், சின்சினாட்டியில் பாடகர் ஜேம்ஸ் பிரவுனுக்காக கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் 'ஃபங்கி டிரம்மர்' வாசித்தார். அதில் மற்ற வாத்தியங்கள் ஒதுங்கி டிரம்ஸ் மட்டும் ஓடும் சில நொடிகளை, ஒலித்துண்டுகளை எடுத்து மறுபடி ஒலிக்கவைக்கும் சாம்ப்ளர் கருவி வந்த பிறகு ஹிப்-ஹாப்காரர்கள் வெட்டியெடுத்துச் சுழலவிட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளில் அந்தத் தாளம் இருக்கிறது. பாட்டு ஜேம்ஸ் பிரவுன் பெயரில் இருந்ததால், 2017இல் இறக்கும் வரை ஸ்டபிள்ஃபீல்டுக்கு அதற்கென முறையான உரிமைத்தொகை கிடைக்கவில்லை. உலகத்தையே ஆடவைத்த கை வெறுங்கையாகப் போனது பெரும் அநியாயம்.

1980களில் சிகாகோ இன்னொரு படி போனது. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் செய்த டிஆர்-808, டிஆர்-909 டிரம் மெஷின்கள் நிஜ டிரம்ஸ் போல ஒலிக்கவில்லை என்று கடைகளில் தேங்கின. கைமாறி மலிவாகக் கிடைத்தவற்றை வாங்கித்தான் அந்த நகரத்துக் கறுப்பின இளைஞர்கள் ஹவுஸ் இசையை வளர்த்தார்கள். ஃப்ராங்கி நக்கிள்ஸ் இசைத்தட்டு சுழற்றிய வேர்ஹவுஸ் கிளப்பின் பெயரே அந்த இசைக்கும் ஒட்டிக்கொண்டது. அதில் டிரம்மர் என்றொரு ஆளே தேவைப்படவில்லை.

இந்த நகரத்துக்குத்தான் 2000களின் நடுவில் மெக்ரேவன் குடிவந்தார். 1983இல் பாரிஸில் பிறந்தவர். அப்பா ஸ்டீபன் மெக்ரேவன், ஆர்ச்சி ஷெப்புடன் வாசித்த ஜாஸ் டிரம்மர். அம்மா ஆக்னெஷ் ஷிக்மொண்டி, ஹங்கேரியின் கொலிண்டா நாட்டுப்புற இசைக்குழுவில் பாடியவர், குழல் வாசித்தவர். வளர்ந்தது மாசசூசெட்ஸில். வீட்டில் ஜாஸ், வெளியே ஹிப்-ஹாப்.

விக்கர் பார்க் பகுதியில், பழைய வங்கி ஒன்றின் நிலவறையில் இயங்கிய பெட்ஃபோர்ட் என்ற விடுதியில் அவருக்குத் தொடர்ந்து வாசிக்க இடம் கிடைத்தது. பாட்டு எதையும் முன்கூட்டி எழுதிக்கொள்ளாமல் ஜெஃப் பார்க்கர், ஜூனியஸ் பால், மார்க்விஸ் ஹில் போன்ற இசைக்கலைஞர்களோடு மேடையிலேயே கற்பனையாக வாசித்தார். எல்லாம் பதிவானது. 28 கச்சேரிகள், ஏறக்குறைய 48 மணி நேரம். அதைக் கணினியில் ஏற்றி வெட்ட உட்கார்ந்தார். பேஸ் வாத்தியமும் ஸ்னேர் டிரம்மும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட சில சுற்றுகள் கிடைத்தால் அவற்றைப் பிரித்தெடுப்பார், திரும்பத் திரும்ப ஓடவிடுவார், மேலே வேறொரு ஒலியை அடுக்குவார். அடி மயிரிழை பிந்தி விழுந்திருந்தால் அதை நேராக்க மாட்டார். இயந்திரம் சுழற்றினாலும் சுழல்வது மனிதக் கையின் தள்ளாட்டம்தான். 19 துண்டுகளாக 2015இல் 'இன் தி மொமென்ட்' வெளிவந்தது. வாசித்தவரே வெட்டியவர், ஒட்டியவரும் அவரே. டாட்ஸுக்கும் டிஜானெட்டுக்கும் ஸ்டபிள்ஃபீல்டுக்கும் வாய்க்காத இடம் இது.

2018இன் 'யுனிவர்சல் பீயிங்ஸ்' இதே முறையில் நியூயார்க், சிகாகோ, லண்டன், லாஸ் ஏஞ்சலஸ் நான்கையும் சுற்றியது. 2021இல் ப்ளூ நோட் நிறுவனத்தின் பழைய சேமிப்பைத் திறந்து, டிரம்மர் ஆர்ட் பிளேக்கி காலத்துப் பதிவுகளை வெட்டி அவற்றோடு தன் குழுவை வாசிக்கவைத்தார். பழைய டிரம்மர்களின் கையை இன்னொரு டிரம்மரே மரியாதையோடு தொட்ட வேலை அது.

இந்த முறையின் கடினமான கட்டம் பதிவுக்குப் பிறகுதான் வருகிறது. கணினியில் வெட்டி ஒட்டிய சுழல்களை மேடையில் வாசிக்கக் குழு கற்றுக்கொள்ள வேண்டும். ஒருமுறை தற்செயலாக விழுந்த பேஸ் சுரம் இப்போது ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் விழ வேண்டும். இரு துண்டுகளை ஒட்டிய இடத்தில் மூச்சு விட நேரமில்லாமல் போனால், ட்ரம்பெட்காரர் அதற்கு வழி கண்டாக வேண்டும். வாசித்துப் பழகியதும் அவர்கள் மறுபடி அதிலிருந்து விலகிக் கற்பனையில் இறங்குவார்கள். அந்தக் கச்சேரியும் பதிவாகும்.