நாடே ஸ்ட்ரைக்... ஆனால் தேர்தலில் ஜெயித்தது அரசு! 1968 ஜூனில் பிரான்ஸில் என்னதான் நடந்தது?

ஒரு மாதம் முழுக்க தெருவெல்லாம் போராட்டம். தொழிற்சாலை, ரயில், தபால், பெட்ரோல் பங்க் எல்லாம் முடக்கம். 'அரசு இன்னைக்குப் போகுமா, நாளைக்குப் போகுமா' என்று உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த மாதமே தேர்தல் வந்தது. முடிவு என்ன தெரியுமா? எந்த அரசை எதிர்த்து அவ்வளவு பெரிய போராட்டம் நடந்ததோ, அதே அரசுக்கு பிரான்ஸ் மக்கள் அதுவரை யாருக்கும் தராத பெரும்பான்மையை அள்ளிக் கொடுத்தார்கள்.

பிரான்ஸ் நாடாளுமன்றத் தேர்தல்களில் வலதுசாரிகள் பெற்ற வெற்றிகளில் அதிகம் பேசப்படுவது 1968 ஜூன் 23, 30 தேதிகளில் நடந்த தேர்தல்தான். 'மே 68' என்றால் சுவரில் எழுதிய முழக்கங்களும் மாணவர்களும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். 'ஜூன் 68' பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

மே மாதம் என்ன நடந்தது?

அப்போதைய அதிபர் சார்லஸ் டி கோல். இரண்டாம் உலகப்போரில் ஹிட்லருக்கு எதிராக லண்டனிலிருந்து வானொலியில் குரல் கொடுத்தவர். 1958-ல் மீண்டும் ஆட்சிக்கு வந்து, அதிபருக்கு அதிக அதிகாரம் தரும் புதிய அரசியல் சாசனத்தைக் கொண்டுவந்தவர். 1968-ல் அவருக்கு வயது 77. பிரதமர் ஜார்ஜ் பொம்பிடு. 1967 மார்ச் தேர்தலில் அவர்கள் அணி மயிரிழையில்தான் பெரும்பான்மை பெற்றிருந்தது.

மே 3-ஆம் தேதி பாரிஸ் சோர்போன் பல்கலைக்கழகத்துக்குள் போலீஸ் நுழைந்து மாணவர்களைக் கைது செய்தது. அதுதான் பொறி. மே 10 இரவு லத்தீன் குவார்ட்டர் பகுதியில் மாணவர்கள் சாலைக் கற்களைப் பெயர்த்து தடுப்பரண் கட்டினார்கள். விடிய விடிய போலீஸுடன் மோதல், நூற்றுக்கணக்கானோருக்குக் காயம். தனியார் வானொலிகள் அதை நேரலையாகக் கொடுத்தன. ஊரெல்லாம் வீட்டிலிருந்தே கேட்டது. 'பிள்ளைகளை இப்படியா அடிப்பது?' என்ற கோபம் பெற்றோர்களுக்கும் வந்தது.

மே 13-ல் தொழிற்சங்கங்கள் ஒருநாள் வேலைநிறுத்தம் அறிவித்தன. ஒருநாளோடு அது நிற்கவில்லை. நாந்த் நகருக்கு அருகே விமானத் தொழிற்சாலையைத் தொழிலாளர்கள் கைப்பற்றினார்கள். அடுத்து ரெனோ கார் தொழிற்சாலைகள். பத்தே நாளில் 70 லட்சம் முதல் 1 கோடி பேர் வரை வேலைநிறுத்தத்தில் இறங்கிவிட்டார்கள். அப்போது பிரான்ஸின் மொத்த மக்கள் தொகையே சுமார் 5 கோடி. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மே 24-ல் டி கோல் டிவியில் தோன்றி, பொது வாக்கெடுப்பு நடத்தலாம் என்றார். சுத்தமாக எடுபடவில்லை. அன்று இரவு பாரிஸ் பங்குச்சந்தைக் கட்டடத்துக்கே தீ வைத்தார்கள். பொம்பிடு தொழிற்சங்கங்களுடன் உட்கார்ந்து பேசினார். குறைந்தபட்ச ஊதியம் 35 சதவீதம் உயர்வு என்று பேசி முடித்தார்கள். 'கிரெனெல் உடன்பாடு' என்று இதற்குப் பெயர். ஆனால், மே 27-ல் ரெனோ தொழிலாளர்களிடம் இதைக் கொண்டுபோனபோது அவர்கள் ஏற்க மறுத்துவிட்டார்கள். மறுநாள் எதிர்க்கட்சித் தலைவர் ஃபிரான்சுவா மித்திரான், 'இடைக்கால அரசு அமைக்க வேண்டும், நான் அதிபர் தேர்தலில் நிற்கத் தயார்' என்றே அறிவித்துவிட்டார்.

அதிபரைக் காணோம்!

மே 29 காலை. அமைச்சரவைக் கூட்டம் திடீரென்று ரத்து. 'சொந்த ஊருக்குப் போய் கொஞ்சம் ஓய்வெடுக்கிறேன்' என்று டி கோல் ஹெலிகாப்டரில் கிளம்பினார். ஆனால், ஊருக்கு வந்து சேரவில்லை. சில மணி நேரம் அவர் எங்கே இருக்கிறார் என்று பிரதமர் பொம்பிடுவுக்கே தெரியாது. ஒரு நாட்டின் அதிபர், அதுவும் அணுகுண்டு வைத்திருக்கும் நாட்டின் அதிபர், மாயம்!

அவர் போனது ஜெர்மனியில் உள்ள பாடன்-பாடன். அங்கே இருந்த பிரெஞ்சுப் படைகளின் தளபதி ஜெனரல் மாசுவைச் சந்தித்தார். பதவி விலகும் மனநிலையில் போனாரா, ராணுவ ஆதரவை உறுதிசெய்யப் போனாரா, இல்லை எல்லோரையும் கொஞ்சம் பயமுறுத்திப் பார்க்கத்தான் போனாரா என்பதில் வரலாற்று ஆசிரியர்களிடையே இன்னும் ஒரு முடிவு இல்லை. மாசு பின்னாளில் எழுதியது, சோர்ந்துபோய் வந்தவரைத் தான்தான் தேற்றி அனுப்பினேன் என்று. டி கோல் தரப்பில் பலர் அதை ஒப்புக்கொள்வதில்லை. அன்று மாலையே டி கோல் பிரான்ஸ் திரும்பி சொந்த ஊரான கொலொம்பே போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் மே 30, மாலை 4.30. இந்த முறை டிவி இல்லை, வானொலி மட்டும். நாலரை நிமிடம்கூட நீடிக்காத பேச்சு. 'பதவி விலக மாட்டேன். பிரதமரை மாற்ற மாட்டேன். நாடாளுமன்றத்தைக் கலைக்கிறேன்.' பொது வாக்கெடுப்பு தள்ளிவைக்கப்பட்டது, அதற்குப் பதில் தேர்தல். இந்த யோசனையை வற்புறுத்திச் சொன்னவர் பொம்பிடு. பேச்சில் டி கோல் இன்னொன்றையும் செய்தார். நாட்டைச் சர்வாதிகார கம்யூனிசம் மிரட்டுகிறது என்று சொல்லி, போட்டியையே 'நானா, அவர்களா' என்று மாற்றிவிட்டார்.

அடுத்த சில மணி நேரத்தில் ஷான்ஸ் எலிஸே சாலை நிரம்பி வழிந்தது. எத்தனை பேர்? போலீஸ் கணக்கு 3 லட்சம், ஆதரவாளர்கள் கணக்கு 10 லட்சம். (பேரணிக் கணக்கு எந்த ஊரிலும் ஒத்துப்போகாது போலிருக்கிறது!) எழுத்தாளரும் அமைச்சருமான ஆந்த்ரே மால்ரோ, முன்னாள் பிரதமர் மிஷெல் டெப்ரே ஆகியோர் கைகோர்த்து முன்வரிசையில் நடந்தார்கள். அதுவரை ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தவர்கள் முதல்முறையாக மூவர்ணக் கொடியுடன் தெருவுக்கு இறங்கினார்கள்.

பெட்ரோல் வந்தது, கோபம் போனது?

அந்த வார இறுதி, பெந்தெகொஸ்தே பண்டிகை விடுமுறை. வாரக்கணக்கில் வறண்டு கிடந்த பங்க்குகளுக்கு சரியாக அந்த நேரத்தில் பெட்ரோல் வந்துசேர்ந்தது. பாரிஸ்வாசிகள் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நெடுஞ்சாலைகளில் டிராஃபிக் ஜாம். ஜூன் 1-ல் மாணவர்கள் 'தேர்தல் என்பது துரோகம்' என்று கோஷம் போட்டு ஊர்வலம் போனபோது, நகரத்தின் ஒரு பகுதி ஏற்கெனவே விடுமுறைக்குப் போயிருந்தது.

ஆனால், ஜூன் மாதம் அமைதியாக ஒன்றும் இல்லை. ஆலைகளை மீட்கப் போலீஸ் போனது. ஜூன் 10-ல் ஃப்ளான் ரெனோ ஆலை அருகே போலீஸிடமிருந்து தப்பி ஓடிய 17 வயது பள்ளி மாணவன் சீன் நதியில் மூழ்கி இறந்தான். மறுநாள் சோஷோ நகர் பெஜோ ஆலை மோதலில் இரண்டு தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அதற்கடுத்த நாள் தீவிர இடதுசாரி அமைப்புகள் தடை செய்யப்பட்டன. ஜூன் 16-ல் சோர்போன் காலி செய்யப்பட்டது. இன்னொரு பக்கம், அல்ஜீரியா பிரச்சினையில் டி கோலுக்கு எதிராகவே கலகம் செய்து சிறையிலிருந்த ஜெனரல் சலான் விடுதலையானார். வலதுசாரி ஓட்டு ஒன்றுகூட வீணாகிவிடக் கூடாது என்பதுதான் கணக்கு.

டி கோல் கட்சி தன் பெயரையே மாற்றிக்கொண்டது. புதிய பெயர்: 'குடியரசைக் காக்கும் ஒன்றியம்'. பிரசாரம் முழுக்க அந்தப் பெயரிலேயே அடங்கிவிட்டது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. 'கம்யூனிஸ்டுகள் நாட்டைப் பிடிக்கப் போகிறார்கள்' என்று பயமுறுத்தினார்களே, உண்மையில் மே மாதம் முழுக்க மாணவர்களை ஓரங்கட்டி, போராட்டத்தைச் சம்பள உயர்வு, வேலை நேரம் என்ற கோரிக்கைகளுக்குள் வைக்கப் பாடுபட்டதே பிரெஞ்சு கம்யூனிஸ்ட் கட்சியும் அதன் தொழிற்சங்கமும்தான். தேர்தல் அறிவித்தவுடன் அதை ஏற்றுக்கொண்டவர்களும் அவர்கள்தான். மாணவர்கள் அவர்களைத் துரோகி என்றார்கள். வாக்காளர்கள் அவர்களைக் கலகக்காரர் என்றார்கள். இரண்டு பக்கமும் அடி.

முடிவு எப்படி வந்தது?

மொத்தம் 487 இடங்கள். டி கோல் கட்சிக்கு மட்டும் 293. கூட்டாளிகளான சுயேச்சைக் குடியரசுக் கட்சியினருக்கு 61. அதாவது நான்கில் மூன்று பங்குக்கு நெருக்கம். பிரெஞ்சுக் குடியரசு வரலாற்றில் ஒரே கட்சி தனித்துப் பெரும்பான்மை பெற்றது இதுதான் முதல்முறை.

கம்யூனிஸ்டுகள் 73-லிருந்து 34-க்குச் சரிந்தார்கள். மித்திரான் தலைமையிலான இடதுசாரிக் கூட்டமைப்பு 120-ஐ ஒட்டி இருந்தது, 57-க்கு வந்துவிட்டது. மாணவர் போராட்டத்துக்கு வெளிப்படையாக ஆதரவு தந்த ஐக்கிய சோஷலிஸ்ட் கட்சிக்கு ஓர் இடம்கூட இல்லை. முன்னாள் பிரதமர் பியர் மென்டெஸ் ஃபிரான்ஸ் கிரெனோபிளில் வெறும் 132 ஓட்டில் தோற்றார். ஏன், சோர்போன் அமைந்திருக்கும் பாரிஸ் 5-ஆம் வட்டாரத்திலேயே டி கோல் கட்சியின் ரெனே காபிதான்தான் ஜெயித்தார்!

அப்படியென்றால் நாடே வலது பக்கம் சாய்ந்துவிட்டதா? அதுதான் இல்லை. முதல் சுற்றில் ஆளும் அணிக்குப் பாதி வாக்குகள்கூடக் கிடைக்கவில்லை. கம்யூனிஸ்டுகள் இழந்தது இரண்டரை சதவீதம் போல. இருந்தும் 20 சதவீத வாக்கு வாங்கிய கட்சிக்குக் கிடைத்தது 7 சதவீத இடங்கள். காரணம் இரண்டு சுற்று முறை. நம்ம ஊர் மாதிரி ஒரே நாளில் யார் அதிக ஓட்டோ அவர் வெற்றி என்று முடியாது. முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் வராத தொகுதிகளில் ஒரு வாரம் கழித்து மறுபடி ஓட்டு. அங்கே பெரும்பாலும் நேருக்கு நேர் போட்டி. ஒரு பக்கம் கம்யூனிஸ்ட் நின்றால், நடுநிலை வாக்காளர் மறுபக்கம் போய்விடுவார். 1968-ல் எங்கு பார்த்தாலும் அதுதான் நடந்தது.

இன்னொரு முக்கியமான விஷயம், வயது. அன்று ஓட்டுரிமை 21 வயதில்தான். தெருவில் நின்ற மாணவர்களில் பெரும்பகுதிக்கு ஓட்டே கிடையாது. தலையைப் பிளக்கும் கூட்டத்தை டிவியில் பார்த்து மிரண்ட பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் ஓட்டு இருந்தது.

மக்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள்?

வசதியான வட்டாரங்களிலும் சிறு நகரங்களிலும் கிராமங்களிலும் பெருமூச்சு. கடைக்காரர்கள், விவசாயிகள், ஓய்வூதியர்கள் ஆகியோருக்கு 'இனி ஒழுங்கா வேலை நடக்கும்' என்ற நிம்மதி. வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டு, சம்பள உயர்வும் வாங்கிக்கொண்டு, டி கோலுக்கே ஓட்டுப் போட்ட தொழிலாளர்களும் இருந்தார்கள். இதை வெளியிலிருந்து பார்ப்பவர்களால் நம்ப முடியவில்லை. ஆனால் அவர்கள் தரப்பில் யோசித்தால் புரியும்: கூலி கூடியாச்சு, இனி ரயில் ஓடணும், அவ்வளவுதான்.

மாணவர்கள் பக்கம் வேறு மனநிலை. 'தேர்தல் முட்டாள்களுக்கு வைத்த பொறி' என்ற முழக்கம் அப்போது பிறந்ததுதான். நாடாளுமன்றத்தின் மேலேயே நம்பிக்கை போய், சிலர் தீவிர இடதுசாரிக் குழுக்களுக்குப் போனார்கள். அரசு வானொலி, டிவியில் வேலைநிறுத்தம் செய்த பத்திரிகையாளர்கள் பலர் அந்தக் கோடையில் வேலையிழந்தார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் வால்டெக் ரோஷே தோல்விக்குத் தடுப்பரண்களையும் எரிக்கப்பட்ட கார்களையும் காரணம் காட்டினார். ஒவ்வொன்றும் டி கோலுக்கு ஓட்டுச் சேர்த்துக் கொடுத்தது என்பது அவர் வாதம். மாணவர்கள் திருப்பிக் கேட்டது, 'தெருவில் ஜெயிக்கும்போது ஏன் தேர்தலுக்கு ஒப்புக்கொண்டீர்கள்?' இந்தச் சண்டை பிரெஞ்சு இடதுசாரிகளிடையே பல வருடம் ஓடியது.

வெற்றி பெற்ற டி கோலுக்கே முழு சந்தோஷம் இல்லை. இது பயத்தில் விழுந்த ஓட்டு என்று அவர் தன் வட்டத்தில் சொன்னதாகக் கூறப்படுகிறது.

ஜெயித்த பிறகு...

அடுத்த ட்விஸ்ட் ஜூலை 10-ல். தேர்தலை ஜெயித்துக் கொடுத்த பொம்பிடுவை டி கோல் பிரதமர் பதவியிலிருந்து மாற்றினார். புதிய பிரதமர் மோரீஸ் கூவ் த முர்வில். மே மாதம் தள்ளாடிய அதிபரைத் தாங்கிப் பிடித்தது பொம்பிடுதான் என்று நாடே பேசியது, அதுவே அவருக்கு வினையாகிப் போனது என்பது பலரின் கணிப்பு.

நவம்பரில் பல்கலைக்கழகங்களுக்குத் தன்னாட்சி தரும் சட்டம் வந்தது. கல்வி அமைச்சர் எட்கர் ஃபோர் கொண்டுவந்தது. மாணவர்கள் கேட்டதில் ஒரு பகுதியை, மாணவர்களை எதிர்த்து ஜெயித்து வந்த எம்.பி.க்களே முணுமுணுத்துக்கொண்டு நிறைவேற்றினார்கள்.

1969 ஏப்ரல் 27. செனட், மாநில நிர்வாகம் தொடர்பான மாற்றங்களுக்கு டி கோல் மக்களிடம் ஒப்புதல் கேட்டார். தோற்றால் பதவி விலகுவேன் என்றும் சொல்லியிருந்தார். 52.4 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்றார்கள். நள்ளிரவு தாண்டியதும் இரண்டு வரி அறிக்கை. மறுநாள் மதியத்தோடு டி கோல் காலம் முடிந்தது. நாலில் மூன்று பங்கு எம்.பி.க்களை வைத்திருந்தவர், பத்தே மாதத்தில் வெளியே. ஜூனில் நடந்த அதிபர் தேர்தலில் ஜெயித்தது, அதே பொம்பிடு.

கலைத்துவிட்டு ஜெயிக்கலாம் என்ற நம்பிக்கை மட்டும் பிரெஞ்சு அதிபர்களை விடவில்லை. 1968-ல் இளம் இணை அமைச்சராக கிரெனெல் பேச்சுவார்த்தை மேஜையில் இருந்த ஜாக் ஷிராக், 1997-ல் அதிபராக நாடாளுமன்றத்தைக் கலைத்தார். சோஷலிஸ்டுகள் ஜெயித்தார்கள். 2024-ல் எம்மானுவேல் மக்ரோன் கலைத்தார். யாருக்கும் பெரும்பான்மை இல்லை. ஓட்டுரிமை வயது 18 ஆனது 1974-ல். மித்திரான் அதிபர் ஆக 1981 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.