ஊவா மலைநாடும் சிங்கோனா மரமும்

பாற்கடலைக் கடைந்த காலத்து அமுதம் தோன்றிய அக்கடலிலேயே ஆலகாலமும் தோன்றிற்று என்பது நம் புராண மரபு. தாவர உலகின் இயல்பும் இதுவே. எட்டி மரத்தின் கொட்டை உயிரைப் போக்கும். ஊமத்தை விதை மதியை மயக்கும். நாபிக் கிழங்கு நெஞ்சின் துடிப்பை நிறுத்தும். ஆயினும் இம்மூன்றையும் முறைப்படி சுத்தி செய்து, அளவறிந்து, மருந்தாக வழங்கினர் சித்த மருத்துவர். இவற்றின் கொடிய ஆற்றலுக்கு ஏதுவாய் அமைந்துள்ள, நைதரசன் கலந்த கசப்புப் பொருள்களை இரசாயன நூலார் அற்கலோயிட்டுக்கள் என்பர். தன்னைத் தின்ன வரும் பூச்சியையும் விலங்கையும் விலக்குதற்கு இவை செடிக்குக் காவலாக உதவுகின்றன.

ஊவா மாகாணத்தின் வரலாற்றை இக்கண் கொண்டு நோக்குவார்க்கு ஒரு புதுமை புலனாகும். பதுளையைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதற் பெருந்தோட்டப் பயிர்களாக ஒன்றன்பின் ஒன்றாய் வந்தவை கோப்பி, சிங்கோனா, தேயிலை என்பன. மூன்றும் அற்கலோயிட்டுச் செடிகளே. கோப்பியிலும் தேயிலையிலும் உள்ளது கஃபீன். சிங்கோனாவின் பட்டையில் உள்ளது குயினைன். முன்னையவற்றை உலகம் இன்பங் கருதி அருந்திற்று; பின்னது உயிர் காக்கும் மருந்து. அம்மருந்து மரம் மட்டும் இம்மலைகளில் நிலையாது போனமைக்குக் காரணம் யாது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

சிங்கோனா தென்னமெரிக்காவின் அந்தீசு மலைக்கு உரியது. முறைக்காய்ச்சலைத் தணிக்கும் அதன் பட்டையைப் பதினேழாம் நூற்றாண்டில் இயேசு சபையினர் ஐரோப்பாவிற் பரப்பினர். பாரிசு நகரில் பெலத்தியே, கவந்தூ என்னும் அறிஞர் இருவர் 1820ஆம் ஆண்டில் அப்பட்டையினின்று குயினைனைப் பிரித்தெடுத்தனர். ஈராண்டுகளுக்கு முன்னர், 1818இல், எட்டி இனத்துக் கொட்டையினின்று திரிக்னைன் என்னும் கொடு நஞ்சைப் பிரித்தவரும் இவ்விருவரே. நஞ்சும் மருந்தும் ஒரே ஆய்வுச்சாலையில் வெளிப்பட்டன. குயினைன்தானும் தீங்கற்றதன்று. அளவு மிகின் காதில் இரைச்சலும் தலைச்சுற்றும் உண்டாகும், பார்வை கெடும், நெஞ்சின் இயக்கமும் தடுமாறும். மலேரியாக் கிருமி குருதிச் சிவப்பணுவினுள் இருந்து அதன் நிறப்பொருளை உண்ணும்பொழுது ஒரு நச்சுப்பொருள் எஞ்சும். கிருமி அதனைத் தீங்கற்றதாக மாற்றிவிடும். குயினைன் அம்மாற்றத்தைத் தடுக்க, கிருமி தன் உணவின் நஞ்சினாலேயே மடியும்.

கிளமென்ஸ் மார்க்கம் என்பார் 1860இல் அந்தீசு மலைக்குச் சென்று திரட்டிய விதைகளும் நாற்றுக்களும் நீலகிரிக்கும் இலங்கைக்கும் உரியவாயின. அவற்றை வளர்த்தற்கென 1861இல் நுவரெலியாவிலிருந்து வெலிமடை வழியாகப் பதுளைக்குச் செல்லும் பாதையில் ஹக்கலைத் தோட்டம் நிறுவப்பட்டது. பேராதனைத் தோட்டத்தின் தலைவராயிருந்த துவெயிற்சு என்பார் கன்றுகளைத் துரைமார்க்கு வழங்க முன்வந்தார். கோப்பியில் இலாபங் கண்டிருந்த அவர்களோ தொடக்கத்தில் அவற்றைப் பொருட்படுத்தினாரல்லர்.

அவர்தம் மனத்தை மாற்றியது ஒரு பூஞ்சண நோய். 1869இல் ஊவாவின் மடுல்சீமைப் பகுதியிலே கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சட் பொடி படிந்திருத்தல் முதன்முதலாகக் காணப்பட்டது. சில ஆண்டுகளில் அந்நோய் மலைநாடெங்கும் பரவிக் கோப்பித் தொழிலை வீழ்த்திற்று. கடனில் மூழ்கிய தோட்டக்காரர் சிங்கோனாவைப் பற்றிக்கொண்டனர். 1883ஆம் ஆண்டளவில் இலங்கையில் அதன் பரப்பு 60,000 ஏக்கரைக் கடந்தது. தமிழகத்திலிருந்து மன்னார் வழியாகக் கால்நடையாய் வந்த தொழிலாளரே மரத்தை நட்டனர். பட்டையைச் செதுக்கி, உலர்த்தி, மூட்டை கட்டி அனுப்பினர். ஊவா தனி மாகாணமாக அமைந்த 1886ஆம் ஆண்டளவில், இலங்கையின் ஏற்றுமதி ஆண்டுக்கு ஏறத்தாழ 1,50,00,000 இறாத்தலாக உயர்ந்தது.

இவ்வுயர்வே வீழ்ச்சிக்கு வித்தாயிற்று. இலண்டன் சந்தையில் பட்டை மலிந்தமையாற் குயினைனின் விலை சில ஆண்டுகளிற் பழைய விலையின் சிறு பங்காகச் சுருங்கிற்று. மேலும், சார்ள்ஸ் லெட்சர் என்பார் வழியாகப் பெற்ற விதையினின்று ஒல்லாந்தர் யாவாத் தீவில் வளர்த்த இனத்தின் பட்டையிற் குயினைன் நூற்றுக்குப் பத்துப் பங்கையும் எட்டியது. இலங்கையிற் பெரிதும் நடப்பட்ட சிவப்புப் பட்டை இனத்தில் அது மிகக் குறைவு. எனவே மரங்கள் வேரோடு பிடுங்கப்பட்டன. அவ்விடத்தே தேயிலை ஏறிற்று. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அருகில் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கியபொழுது, சிங்கோனாவின் காலம் ஏறக்குறைய முடிந்திருந்தது.

இதனால் விளைந்த இழப்பு நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னர்த் தெரிந்தது. 1934இல் மழை பொய்த்து ஆறுகள் வற்றிக் குட்டைகளாகத் தேங்க, நுளம்பு பெருகிற்று. 1934–35இல் மூண்ட மலேரியாவினால் இத்தீவில் ஏறத்தாழ 80,000 மக்கள் மாண்டனர். கேகாலை, குருநாகல் மாவட்டத்துச் சிற்றூர்கள் பெரிதும் அழிந்தன; நுளம்பு செழிக்காத உயர்ந்த மலைத்தோட்டங்கள் பெரும்பாலும் தப்பின. ஒரு காலத்தில் உலகிற்குப் பட்டையை அனுப்பிய நாடு, தன் நோயாளர்க்கு வேண்டிய குயினைனைக் கடல் கடந்து தருவிக்க வேண்டியதாயிற்று. அக்காலத்தில் உலகத் தேவையிற் பத்தில் ஒன்பது பங்கை யாவாவே அளித்தது. பசியும் மெலிவும் சாவை மிகுவித்தன என்பதும் உண்மையே. மரம் நின்றிருப்பின் எல்லோரும் பிழைத்திருப்பர் எனல் பொருந்தாது. ஆயினும், மருந்தைத் தன் கையில் வைத்திருக்கும் நாட்டின் நிலையும் பிறர் கையை நோக்கும் நாட்டின் நிலையும் ஒன்றல்ல.

இந்தியாவின் நிலையை ஒப்பிட்டு நோக்கின் இவ்வேறுபாடு விளங்கும். நீலகிரியிலும் டார்ஜிலிங் மலையிலும் சிங்கோனாத் தோட்டங்களையும் தொழிற்சாலைகளையும் அரசாங்கமே நடத்திற்று. விலை வீழ்ந்தபொழுதும் அவை முற்றாகக் கைவிடப்படவில்லை. 1892 முதல் வங்காளத்து அஞ்சல் நிலையங்களிற் காலணாவுக்கு ஒரு குயினைன் பொட்டலம் விற்கப்பட்டது. தேவை முழுவதற்கும் அது போதவில்லை. எனினும் ஏழையின் கைக்கு மருந்து எட்டுதற்கு ஒரு வழி திறந்திருந்தது. இலங்கையிலோ மரம் தனியார் தோட்டத்தில் நின்றது. விலையோடு வந்தது, விலையோடு போயிற்று.

2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இன்று குயினைனினும் சிறந்த மருந்துகள் உள. சிங்கோனாவுக்கெனப் பிறந்த ஹக்கலைத் தோட்டம் இன்று மலர் காண்போர் நாடும் பூங்காவாக விளங்குகின்றது. எனினும் ஊவாவின் வரலாறு கூறும் பாடம் பழைமையுற்றதன்று. ஒரு பூண்டை நஞ்சென்றும் மருந்தென்றும் பிரிப்பது அளவு. அம்மருந்து மக்களை அடையுமா என்பதைத் தீர்ப்பது அதனைக் காக்கும் பொறுப்பை ஏற்போர் யார் என்பதே. அப்பொறுப்பைச் சந்தை விலையிடம் மட்டும் விட்டுவிடும் நாடு, நோய் வந்த பின்னரே தன் இழப்பை அறியும்.