சிரெப்ரெனிக்கா பாதுகாப்பு வலயம்

சிரெப்ரெனிக்கா கிழக்குப் பொசுனியாவில் உள்ள ஒரு சிறு நகரம். பொசுனியப் போரின்போது (1992–1995) சுற்றுப்புற ஊர்களிலிருந்து விரட்டப்பட்ட முசுலிம்கள் பல்லாயிரக்கணக்கில் இங்கு அடைக்கலம் புகுந்தனர். பொசுனிய செர்பியப் படையின் முற்றுகையால் உணவும் மருந்தும் கிடைப்பது அரிதாயிற்று.

1993 ஏப்ரல் 16 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை, 819ஆம் தீர்மானத்தின் மூலம் நகரைப் பாதுகாப்பு வலயமாக அறிவித்தது. ஆனால், காவலுக்கு நிறுத்தப்பட்டவர்கள் சில நூறு வீரர்களே. 1995 சூலை 11 அன்று ராட்கோ மிலாடிச்சு தலைமையிலான பொசுனிய செர்பியப் படை நகரைக் கைப்பற்றியது. பெண்களும் குழந்தைகளும் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். ஏறத்தாழ 8,000 ஆண்களும் சிறுவர்களும் அடுத்த சில நாட்களில் கொல்லப்பட்டனர்.

1948இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற இனப்படுகொலை உடன்படிக்கை, குற்றவாளிகளைத் தண்டிப்பதை மட்டுமன்றி, குற்றத்தைத் தடுப்பதையும் நாடுகளின் கடமையாக்குகிறது. முன்னாள் யுகோசுலாவியாவுக்கான பன்னாட்டுக் குற்றத் தீர்ப்பாயம், இக்கொலைகள் இனப்படுகொலையே என 2001இல் தீர்ப்பளித்தது. செர்பியா இதைத் தடுக்கத் தவறி உடன்படிக்கையை மீறியது என 2007இல் பன்னாட்டு நீதிமன்றம் கூறியது. மிலாடிச்சுக்கு 2017இல் விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனை 2021இல் உறுதி செய்யப்பட்டது.

தண்டிக்கும் கடமை காலந்தாழ்ந்தேனும் ஓரளவு நிறைவேறியது. தடுக்கும் கடமை, அது தேவைப்பட்ட நாளில் நிறைவேறவில்லை.