யார் எழுதின பாட்டு? — எம்.கே.பி. நகரில் ஒரு ஆல்பம் கேட்ட கதை

எம்.கே.பி. நகர் என்றால் என்ன என்று இங்கே பிறந்த பையன்களைக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. மகாகவி பாரதி நகர். மூன்று எழுத்தாகச் சுருங்கினாலும் ஒரு கவிஞனின் பெயர் பஸ் போர்டில் இருக்கிறது. வியாசர்பாடி, புளியந்தோப்பு, ஓட்டேரி, காசிமேடு என்று இந்த வடசென்னை முழுக்க சாவு வீடுகளில் விடிய விடியப் பாட்டுக் கட்டினவர்களின் பெயர் மட்டும் எந்த போர்டிலும் இல்லை. அந்தப் பெயர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. 2024ல் வெளிவந்த அறிவின் 'வள்ளியம்மா பேராண்டி' ஆல்பத்தை நாங்கள் ஏழெட்டுப் பேர் ஹவுசிங் போர்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து கேட்டோம். கேட்டது கொஞ்ச நேரம். சண்டை போட்டது ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும்.

முதலில் வாயைத் திறந்தவர் முப்பது வருஷமாகச் சாவுக்குப் பாடுகிற ஒரு அண்ணன். "இன்னாபா இது, மூச்சு உட மாட்டேன்றான். ஒரு வார்த்தை மனசுல உக்கார்றதுக்குள்ள அடுத்த வார்த்தை வந்து இடிக்குது. கானான்னா கேக்கறவன் அழணும், இல்ல சிரிக்கணும். இது ரெண்டுமில்லாம மெரட்டுது" என்றார். அம்பேத்கர் அரசுக் கலைக் கல்லூரியில் படிக்கிற தம்பி விடவில்லை. "மெரட்டணும்ண்ணா. எத்தினி நாளைக்கு அழுதுகினே இருப்பீங்க?" என்றான். இன்னொருத்தனுக்கு இசையே பிரச்சினை. "வாத்தியம்லாம் வெளிநாட்டுக்காரனுக்குக் கேக்கற மாதிரி இருக்குது. நம்ம டேப்பு, பானை சத்தம் எங்க?" என்றான். நர்ஸிங் படிக்கிற தங்கச்சி ஒரே வரியில் சொன்னாள்: "ஆயா பேர முன்னால போட்டு பேரன்னு தன்ன பின்னால போட்டுகினான் பாரு, எனக்கு அதுவே போதும்." நான்கு கருத்து, நான்கும் வேறே வேறே. இவற்றில் ஒன்றைக்கூட ஒதுக்க எனக்கு மனமில்லை. ஏனென்றால் வடசென்னையில் பாட்டைப் பற்றின பேச்சுக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

சபா ரசிகர்களின் பேச்சு மட்டும் வரலாறாகி இருக்கிறது. சென்னை மியூசிக் அகாடமி 1928ல் தொடங்கப்பட்டது. 1930களில் கல்கி 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் கச்சேரி விமர்சனம் எழுதினார். பின்னால் சுப்புடு வந்தார். யார் எந்த ராகத்தை எப்படிப் பாடினார், யாருக்குக் கூட்டம் எழுந்து போனது என்பதெல்லாம் அச்சில் கிடக்கிறது. அந்த அச்சைப் புரட்டித்தான் தமிழ்நாட்டின் இசை வரலாறு இதுவென்று எழுதுகிறார்கள். அதே வருஷங்களில் மில்லிலும் ஹார்பரிலும் வேலை செய்து வந்த நம் ஜனங்கள் கேட்ட பாட்டும் உண்டு. அதற்கு அவர்கள் சொன்ன தீர்ப்பும் உண்டு. ஆனால் அதெல்லாம் பொதுப்புத்தியில் 'குப்பத்துக் கூச்சல்' என்று முடிந்துவிட்டது.

கானா எங்கே தீர்ப்புப் பெற்றது? பிணம் கிடக்கிற வீட்டு வாசலில். ராத்திரி முழுக்கக் கண் விழிக்க வேண்டும். தீப்பெட்டி, டோலக், டேப்பு, புல்புல்தாரா, எது கிடைக்கிறதோ அது. செத்தவர் பெயர், அவர் செய்த வேலை, அவர் பெற்ற பிள்ளைகள், இவற்றையெல்லாம் அங்கேயே உட்கார்ந்து பாட்டில் கோக்க வேண்டும். பாடகன் தப்பு பண்ணினால் செத்தவரின் தங்கச்சியே எழுந்து, "எங்கண்ணன் அப்பிடி இல்ல, மாத்திப் பாடு" என்பாள். மாற்றிப் பாடுவான். கேட்கிறவர் பாட்டைத் திருத்துகிற உரிமை எந்த சபாவில் இருக்கிறது? தொண்டியார்பேட்டையில் அடக்கமான சூஃபி குணங்குடி மஸ்தான் சாகிபைக் கானாக்காரர்கள் தம் முன்னோரில் ஒருவராகச் சொல்வார்கள். சித்தர் பாட்டும் இந்த வாசலுக்கு வந்திருக்கிறது. விடிந்ததும் பிணத்தோடு பாட்டும் போய்விடும். நல்ல வரியாக இருந்தால் அடுத்த சாவில் வேறொருவன் பாடுவான். பாட்டு நிற்கும், கட்டினவன் பெயர் நிற்காது.

அப்புறம் கேசட் வந்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தெருவில் வெறும் கேசட் வாங்கி, சாவு வீட்டிலேயே டேப்ரெக்கார்டரை வைத்துப் பதிவு பண்ணுவார்கள். ஒன்றிலிருந்து ஒன்றாக ஏறி ஏறி நாலாவது கேசட்டில் பாடகன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். எந்தப் பாட்டு ஜனங்களுக்குப் பிடித்தது என்று தெரிந்துகொள்ள கேசட்டைப் போட்டாலே போதும். திரும்பத் திரும்ப ஓட்டின இடத்தில் நாடா தேய்ந்து இரையும். கேசட் மேலே பேனாவால் 'கானா 3' என்று எழுதியிருப்பார்கள். அதிலும் பெயர் இல்லை.

1990களில் தேவாவின் இசையில் கானா சினிமாவுக்குள் பெரிய அளவில் போனது. தமிழ்நாடு முழுக்க ஆடினார்கள். 2006ல் 'சித்திரம் பேசுதடி' படத்தில் கானா உலகநாதனும், 2012ல் 'அட்டகத்தி'யில் கானா பாலாவும் பாடினபோதுதான், கானாவைக் கானாக்காரனே பாடுகிறான் என்று ஊருக்கு முகம் தெரிந்தது. அதற்குள் எத்தனையோ தெரு மெட்டுகள் 'மரபுப் பாடல்' என்ற பொதுப்பெயருக்குள் போய்ச் சேர்ந்துவிட்டன. மரபு என்று சொல்லிவிட்டால் யாருக்கும் காசு தரவேண்டாம், யார் பெயரையும் போடவேண்டாம்.

இதே 90களில் தலித் இயக்கங்களுக்குள் பறை பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. சாவுக்குப் பறையடிப்பது சாதி சுமத்தின அடிமைத்தொழில், அதை விட்டொழிக்க வேண்டும் என்றது ஒரு பக்கம். பறை நம் விடுதலைக் கலை, அதை மேடையேற்ற வேண்டும் என்றது இன்னொரு பக்கம். எங்கள் மொட்டை மாடிச் சண்டையிலும் அந்த விவாதம்தான் வேறு உருவத்தில் நடந்தது. "எத்தினி நாளைக்கு அழுதுகினே இருப்பீங்க" என்று தம்பி கேட்டதும், "டேப்பு சத்தம் எங்க" என்று இன்னொருத்தன் கேட்டதும் அந்த இரண்டு பக்கங்கள்தான். இதில் நம்மை நாமே விசாரித்துக்கொள்ளவும் வேண்டும். பெண்களைக் கேவலமாகப் பாடின கானாவுக்கும், கத்தி தூக்குவதை வீரமாகப் பாடின கானாவுக்கும் விசிலடித்தவர்கள் வேறு யாருமில்லை, நாம்தான். ராயபுரத்து இசைவாணி மைக்கைப் பிடிக்கிற வரைக்கும் கானா ஆம்பளை சமாச்சாரம் என்றே இருந்தோம். பிபிசி அவரை 2020ல் உலகின் நூறு பெண்களில் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது. 2024 நவம்பரில் பல வருஷத்துக்கு முந்தின ஒரு பாட்டுக்காக அவருக்கு மிரட்டல்கள் வந்தன. கேட்டுவிட்டு ஏசுவது கருத்து. கேட்காமலே மிரட்டுவது கருத்தில்லை, சாதியும் ஆணாதிக்கமும் சேர்ந்து செய்கிற வேலை.

அறிவு அரக்கோணத்துக்காரர். அரக்கோணம் லோக்கல் நம்ம வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் நின்றுதான் போகிறது. ஆக அவர் நமக்கு வெளியாள் இல்லை. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கின 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018 ஜனவரி 6ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி செய்தது. கானாக்காரர்களும் ராப் பாடகர்களும் ஒரே மேடையில் நின்றார்கள். அதில் இசைவாணியும் அறிவும் இருந்தார்கள். பெயர் எங்கிருந்து வந்தது? அயோத்திதாசப் பண்டிதர் நம்மைக் குறிக்கச் சொன்ன 'சாதிபேதமற்ற தமிழர்' என்பதிலிருந்து. நூறு வருஷத்துக்கு மேல் பழைய பெயரை ஒரு பாட்டுக் குழு எடுத்து வைத்துக்கொண்டது சாதாரண விஷயமில்லை. 2019ல் அறிவு, ஆஃப்ரோ என்ற இசைக்கலைஞரோடு சேர்ந்து 'தெருக்குரல்' கொண்டுவந்தார். தூத்துக்குடியில் 2018 மே 22 துப்பாக்கிச்சூட்டில் கொல்லப்பட்ட ஸ்னோலினுக்கு அதில் ஒரு பாட்டு உண்டு.

2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' வந்தது. எழுதி, தீயோடு சேர்ந்து பாடினவர் அறிவு. தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போய், நிலமில்லாமல் திரும்பி வந்த தன் குடும்பத்தின் கதையை அறிவு அதில் வைத்தார். பாட்டி வள்ளியம்மாள் வீடியோவில் வருகிறார். இது ஒரு வீட்டுக் கதை மட்டுமில்லை. 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு போட்டது. மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தது. எங்கே இருக்க ஆசை என்று அந்த ஜனங்களை யாரும் கேட்கவில்லை.

அந்தப் பாட்டுக்கும் அதே கதி வந்தது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை அந்தப் பாட்டைச் சொல்லி அட்டைப்படம் போட்டபோது அதில் அறிவு இல்லை. பா. இரஞ்சித் உட்படப் பலர் கேட்ட பிறகே அறிவின் படத்தோடு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலை 28ல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்கவிழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அதைப் பாடினார்கள். அறிவு மேடையில் இல்லை. பாட்டு தன் உழைப்பு என்று அறிவு எழுதினார். சந்தோஷ் நாராயணனும் தீயும் தம் தரப்பு விளக்கத்தை வெளியிட்டார்கள். 2024 மார்ச்சில், மூன்று வருஷமாகியும் அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே சொன்னார். யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையில்லை. கோடிக்கணக்கில் கேட்கப்பட்ட பாட்டுக்கே எழுதினவன் முகத்தைத் தேட வேண்டியிருக்கிறது என்றால், எங்கள் 'கானா 3' கேசட்காரன் என்ன ஆனான் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்குப் பிறகுதான் 'வள்ளியம்மா பேராண்டி' வருகிறது. தங்கச்சி சொன்ன வார்த்தை எனக்கு இங்கேதான் புரிந்தது. பெயரைப் பறிகொடுத்தவன் அடுத்த வேலையின் தலைப்பிலேயே பெயரை ஆணியடித்து வைக்கிறான். அதுவும் தன் பெயரை இல்லை, ஆயாவின் பெயரை. பாட்டு எனக்கு எல்லாம் பிடித்ததா என்றால், இல்லை. அண்ணன் சொன்ன மூச்சுப் பிரச்சினை எனக்கும் உண்டு. ஆனால் தலைப்பைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை.

சட்டமும் ஒன்று சொல்கிறது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் பாட்டு எழுதினவருக்கு உரிமை அவர் ஆயுள் முழுக்கவும் அதற்கு மேல் 60 வருஷமும் உண்டு. பதிவு செய்திருக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. 2012 திருத்தம் பாட்டு எழுதினவரும் இசையமைத்தவரும் ராயல்டிப் பங்கை எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி செய்தது. ஆனால் நான்தான் எழுதினேன் என்று நிரூபிக்க வேண்டாமா? நிரூபணம் எங்கே இருக்கிறது? கேட்டவர்களின் ஞாபகத்தில்.

அதனால் தோழர்களே, ஆல்பம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சண்டை போடுங்கள், நன்றாகப் போடுங்கள். கூடவே ஒரு நோட்டு வாங்கி வையுங்கள். யார் கட்டினது, யார் அடித்தது, எந்தத் தெருவில், எந்தச் சாவில், எந்த வருஷம், கேட்டவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதி வையுங்கள். அன்று ராத்திரி கீழே இறங்கும்போது அந்த அண்ணனிடம், "நீங்க கட்டின பாட்டு எத்தினி இருக்கும்?" என்று கேட்டேன். "யார்ரா எண்ணினான்" என்றார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை தம்பி நோட்டோடு அவர் வீட்டுக்குப் போனான். முதல் நாளில் பதினோரு பாட்டு எழுதினான். ஏழு பாட்டில் செத்தவர் பெயர் அண்ணனுக்கு ஞாபகம் இருந்தது. மற்ற நாலு பேரின் பெயரைத் தெருவில் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.