இருளில் இருந்த தாய்: பிற அறிவை அறிதல் குறித்து ஓர் ஆராய்ச்சி

மனிதரல்லாத ஓர் அறிவை மனிதன் எதிர்ப்பட நேருமாயின், அதனை அறிவென்று அவன் எதனால் தெளிவான் என்னும் வினாவுக்கு விஞ்ஞானக் கற்பனைக் கதைகள் பெரும்பாலும் இரண்டு விடைகளையே கூறிவந்திருக்கின்றன: ஒன்று, அது பேசும் மொழியால், மற்றொன்று, அது நம் உருவத்தோடு கொண்டுள்ள ஒற்றுமையால். 1967 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் ‘தி டெவில் இன் தி டார்க்’ என்னும் அத்தியாயம், ஜீன் எல். கூன் எழுதி ஜோசப் பெவ்னி இயக்கியது, இவ்விரண்டினும் ஆழமான மூன்றாவதொரு விடையைத் தருகிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு. தன் செயலே பிறிதோர் உயிருக்குத் தீங்காய் முடிந்திருக்கலாமோ என்று ஐயுற்றுத் தயங்கும் மனத்துக்கே பிற அறிவு புலனாகும் என்பது அவ்விடை.

ஜேனஸ் ஆறு என்னும் கிரகத்தில், பல உலகங்களின் உலைகளுக்கு வேண்டிய பெர்ஜியம் என்னும் கனிப்பொருளை அகழும் தொழிலாளருள் ஐம்பதின்மருக்கு மேற்பட்டோர், பாறையையும் கரைக்கும் கொடிய அமிலத்தால் எரியுண்டு மாள்கின்றனர். கொல்லும் பிராணியை அழிக்க வந்த எண்டர்பிரைஸ் கப்பலின் கருவிகளோ, நிலத்தின் அடியில் மனிதரையன்றி வேறு உயிரே இல்லை எனக் காட்டுகின்றன. கருவி பொய் சொல்லவில்லை. உயிர் என்றால் இன்னது என்று அதனை அமைத்தோர் கொண்டிருந்த இலக்கணமே குறுகியதாயிருந்தது. அங்கிருந்த ஹோர்ட்டா என்னும் ஜீவன் சிலிக்கானால் ஆயது. மூலகங்களின் அட்டவணையில் கார்பனுக்கு நேர் கீழே நின்று, அதனைப் போலவே நான்கு பிணைப்புகளை ஏற்கவல்லதாதலின் சிலிக்கானும் உயிருக்கு ஆதாரமாகலாம் என்னும் கருத்து பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுந்ததுதான். எனினும் கார்பன் எரிந்தால் மூச்சில் கலக்கும் வாயுவும், சிலிக்கான் எரிந்தால் மணலும் விளைகின்றன என்னும் ஒரு வேற்றுமையே அவ்வுயிர் நமக்கு எத்துணை அந்நியமாயிருக்கும் என்பதை உணர்த்தப் போதும்.

இத்தகைய அந்நியத்துக்கு முன்னால் கதாபாத்திரங்கள் நடந்துகொள்ளும் முறையே நம் ஆராய்ச்சிக்குரியது. தொடக்கத்தில், விஞ்ஞானியாகிய ஸ்பாக் அப்பிராணியை உயிரோடு பிடிக்க விரும்புகிறார். தலைவர் கிர்க்கோ கொல்லுமாறு ஆணையிடுகிறார். பின்னர்ப் பாறை சரிந்து கிர்க் தனித்து அகப்பட, காயமுற்ற ஹோர்ட்டா அவர் எதிரே வந்து நிற்கிறது. இச்செய்தியைக் கேட்ட ஸ்பாக், நண்பருக்கு நேர்ந்த அபாயத்தால் கலங்கி, உடனே கொன்றுவிடுமாறு வற்புறுத்துகிறார்; கிர்க்கோ ஆயுதத்தை ஏந்தியும் சுடாதிருக்கிறார். அறிவை ஆராய்பவன் அச்சத்தால் கொலைக்கு உடன்படுகிறான். கொலைக்கு ஆணையிட்டவன் எதிர்நிற்கும் உயிர் தாக்காது காத்திருத்தலைக் கண்டு தயங்குகிறான். இத்தலைமாற்றத்தைக் கூன் காரணமின்றி அமைத்திருக்க முடியாது. பிற அறிவை ஏற்றல் புலமையால் மட்டும் வருவதன்று, நெஞ்சின் நிதானத்தால் வருவது என்பதை இதனினும் சுருங்கக் காட்டல் அரிது.

பின்னர் ஸ்பாக் தம் மனத்தை அதன் மனத்தோடு கலக்கிறார். ஹோர்ட்டா பாறையின்மீது மூன்று ஆங்கிலச் சொற்களைப் பொறிக்கிறது. ‘என்னைக் கொல்லாதீர்’ என்னும் வேண்டுகோளாகவும், ‘யான் கொல்லேன்’ என்னும் வாக்குறுதியாகவும் அச்சொற்கள் ஒருங்கே பொருள்படுகின்றன. இலக்கணத்தால் இவ்வையத்தைத் தீர்க்க இயலாது. சுடுவதற்கு முனைந்து நிற்பவனுக்கு அவை வெறுங்கீறல்கள். ஆயுதத்தைத் தாழ்த்தியவனுக்கோ இரு பொருளும் மெய்யாகின்றன.

அதன்பின்னரே உண்மை வெளிப்படுகிறது. ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை அவ்வினம் முழுதும் மடிய, எஞ்சும் ஒரே ஒரு ஹோர்ட்டா தன் இனத்தின் முட்டைகளைக் காத்துநிற்கும். தொழிலாளர் புதிய தளத்தைத் திறந்தபோது பயனற்ற கற்கள் என்று ஆயிரக்கணக்கில் உடைத்தெறிந்தவை அம்முட்டைகளே. கொலையாளி என்று பெயர் பெற்றது தாயாகிறது. கொலையுண்டோரின் தோழர்கள் தாமறியாமலே ஓர் இனத்தை அழிக்கத் தொடங்கியவர்களாகின்றனர்.

தாய்மை என்னும் மானிட அளவுகோலால் அளந்த பின்னரன்றோ ஹோர்ட்டா ஏற்கப்பட்டது என்றும், குஞ்சுகள் சுரங்கம் தோண்ட மனிதர் கனிப்பொருளைப் பெறுவர் என்னும் இறுதி உடன்பாட்டில் லாபத்தின் சாயல் படிந்துள்ளது என்றும் ஆட்சேபிக்கலாம். இரண்டாவது ஆட்சேபத்தில் நியாயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் நிகழ்ச்சிகளின் வரிசை இங்கே முக்கியமானது. தாய்மையைப் பற்றி ஒன்றும் அறியாத நிலையிலேயே கிர்க் சுடாமல் நின்றார். லாபம் பேசப்படுவதற்கு முன்னரே, ஹோர்ட்டாவைக் கொல்லத் திரண்ட தொழிலாளரை நோக்கி, முதலில் சுடுபவன் உயிரிழப்பான் என்று எச்சரித்தார். தயக்கம் முதலிலும், நீதி அடுத்தும், பயன் கடைசியிலும் வந்தன.

சுரங்கத் தலைமைப் பொறியாளர் வாண்டர்பெர்க்கின் மேசையில், கதையின் தொடக்கத்திலேயே ஓர் உருண்டைக் கல் அலங்காரப் பொருளாக வைக்கப்பட்டிருக்கிறது. யாவரும் நாள்தோறும் கண்டது அது; யாரும் அறியாததும் அதுவே. இறுதியில் அது முட்டை என்று தெரிந்தபோது, அக்கல்லில் எம்மாறுதலும் நிகழ்ந்திருக்கவில்லை.