சைக்ளோன் வரைபட முறை

கட்டுமானத்தில் திரும்பத் திரும்பச் சுழலும் வேலைகளைக் குறியீடுகளால் வரைந்து திட்டமிடும் இம்முறையை அமெரிக்கப் பொறியியல் அறிஞர் டேனியல் ஹால்பின் 1970களில் உருவாக்கினார். லாரியோ மண் அள்ளும் இயந்திரமோ வேலையில் இருக்கும் நிலையைச் சதுரமும், தன் முறைக்காகக் காத்து நிற்கும் நிலையை வட்டமும் குறிக்க, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழியை அம்புக்குறி காட்டுகிறது. பல வளங்கள் ஒருங்கே வந்து சேர்ந்தால் மட்டுமே தொடங்கக்கூடிய வேலைக்கு மூலையில் சாய்கோடிட்ட சதுரம் தனியே உண்டு. திட்டத்தின் மொத்தக் காலத்தைத் தீர்மானிக்கும் வேலைத்தொடரைக் கண்டறியும் சி.பி.எம். வலைப்பின்னலில் எளிதில் புலப்படாத காத்திருப்பு இங்கே கண்ணெதிரே தெரிவதே இதன் பெருஞ்சிறப்பு. வேலை நேரங்களை மாறுபடும் அளவுகளாகவே கொடுத்து, கணினியில் ஒப்புருவாக்கம், அதாவது நிகழ்வைப் போலவே இயக்கிப் பார்த்தல், செய்தால், லாரிகள் குறைந்து இயந்திரம் வீணே நிற்பதும், அவை மிகுந்து வரிசையில் தேங்குவதும் வேலை தொடங்கும் முன்பே தெரியவரும்.