போன் ஒரு கம்பெனி, வாட்ச் வேறு கம்பெனியா? வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய ‘ஈகோசிஸ்டம்’ சண்டை!

வெளிநாட்டில் இருந்து வந்த உறவினர் ஆசையாக ஒரு ஆப்பிள் வாட்ச் கொடுக்கிறார். வீட்டில் இருப்பதோ ஆண்ட்ராய்டு போன். எவ்வளவு முயன்றாலும் இரண்டும் இணையவில்லை. வாட்ச் பழுதா? இல்லை. போன் பழசா? அதுவும் இல்லை. இரண்டு கம்பெனிகளுக்கு இடையே நடக்கும் வியாபாரப் போட்டிதான் காரணம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்கள் ஏராளம். திற்பரப்பு, குலசேகரம் போன்ற ஊர்களில் போன் ஒரு நாட்டில் இருந்தும், வாட்ச் இன்னொரு நாட்டில் இருந்தும், டிவி மார்த்தாண்டத்து கடையில் இருந்தும் வந்து ஒரே வீட்டில் சேர்வது சாதாரணம். அப்போதுதான் இந்தச் சிக்கல் தலைதூக்குகிறது.

வாட்ச், டிவி ஸ்டிக் இரண்டிலும் நடக்கும் இந்தப் போட்டி என்ன? இந்தியாவில் இதற்காக நடந்த வழக்கில் என்ன முடிவானது? விரிவாகப் பார்க்கலாம்.

‘ஈகோசிஸ்டம்’ என்றால் என்ன?

ஒரே கம்பெனியின் போன், வாட்ச், இயர்போன், டிவி சாதனம், செயலிகள், கட்டண சேவைகள் எல்லாம் ஒன்றோடு ஒன்று பிணைந்து இயங்கும் அமைப்பைத்தான் ஈகோசிஸ்டம் என்கிறார்கள்.

இதில் நன்மை உண்டு. ஒரே கணக்கில் நுழைந்தால் எல்லாம் தானாக இணையும். போனில் வந்த மெசேஜுக்கு வாட்ச்சிலேயே பதில் போடலாம்.

ஆனால், ஒரு பொருளை மாற்ற நினைத்தால் மற்றவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும். உள்ளே போவது சுலபம், வெளியே வருவதுதான் செலவு.

ஆப்பிள் வாட்ச் ஏன் ஆண்ட்ராய்டில் வேலை செய்வதில்லை?

ஆப்பிள் வாட்ச் 2015-ல் விற்பனைக்கு வந்தது. அன்று முதல் இன்று வரை அதைச் செட்டப் செய்ய ஐபோன் வேண்டும். ஆண்ட்ராய்டு போனுக்கான செயலியை ஆப்பிள் வெளியிடவே இல்லை.

இந்த விவகாரம் அமெரிக்காவில் நீதிமன்றம் வரை போனது. 2024 மார்ச் 21-ம் தேதி அமெரிக்க நீதித்துறையும் பல மாநிலங்களும் சேர்ந்து ஆப்பிள் மீது வழக்கு தொடர்ந்தன. அதில் சொல்லப்பட்ட முக்கியப் புகார்களில் ஸ்மார்ட்வாட்ச்சும் ஒன்று. விலை உயர்ந்த ஆப்பிள் வாட்ச் வாங்கியவர், நாளை ஆண்ட்ராய்டுக்கு மாறினால் வாட்ச்சையும் தூக்கிப் போட வேண்டும். அந்தப் பயத்திலேயே மறுபடியும் ஐபோன் வாங்குவார் என்பது அரசுத் தரப்பு வாதம்.

ஆப்பிள் இந்தக் குற்றச்சாட்டுகளை மறுக்கிறது. ஆண்ட்ராய்டுக்கும் வாட்ச்சைக் கொண்டுவர 3 ஆண்டுகள் முயன்றதாகவும், தொழில்நுட்பத் தடைகளால் கைவிட்டதாகவும் அந்நிறுவனம் விளக்கம் அளித்தது. வழக்கைத் தள்ளுபடி செய்யக் கோரிய ஆப்பிளின் மனுவை 2025 ஜூன் மாதம் நீதிமன்றம் ஏற்கவில்லை.

சாம்சங், கூகுள் மட்டும் என்ன செய்தன?

ஆப்பிளை மட்டும் குறை சொல்ல முடியாது. சாம்சங்கின் பழைய கேலக்ஸி வாட்ச்கள் டைசன் என்ற மென்பொருளில் இயங்கின. அவற்றை ஐபோனுடனும் இணைக்க முடிந்தது.

2021-ல் சாம்சங்கும் கூகுளும் கைகோத்தன. டைசனை விட்டுவிட்டு, கூகுளின் வேர் ஓஎஸ் மென்பொருளுக்கு சாம்சங் மாறியது. அந்த ஆண்டு வந்த கேலக்ஸி வாட்ச் 4 முதல் ஐபோன் இணைப்பு கிடையாது. 2022-ல் வந்த கூகுளின் பிக்சல் வாட்ச்சும் ஆண்ட்ராய்டுக்கு மட்டும்தான்.

இன்னொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. கேலக்ஸி வாட்ச்சை வேறு கம்பெனி ஆண்ட்ராய்டு போனில் இணைக்கலாம். ஆனால், இசிஜி போன்ற சில உடல்நல வசதிகளுக்கான செயலி சாம்சங் கேலக்ஸி போனில்தான் அதிகாரப்பூர்வமாக வேலை செய்யும். அதாவது, கதவுக்குள் இன்னொரு கதவு.

ஐபோன் வைத்திருப்பவர் வேறு வாட்ச் கட்டினால்?

இணையும். நோட்டிஃபிகேஷன் வரும். நடந்த தூரம், இதயத் துடிப்பு எல்லாம் தெரியும். ஆனால், ஐமெசேஜுக்கு வாட்ச்சில் இருந்தே பதில் அனுப்புவது போன்ற ஆழமான வசதிகள் ஆப்பிள் வாட்ச்சுக்கு மட்டுமே திறந்து விடப்பட்டுள்ளன.

ஐரோப்பிய யூனியன் இதில் தலையிட்டது. மற்ற கம்பெனி வாட்ச், ஹெட்போன் போன்றவற்றுக்கும் ஐபோனின் இணைப்பு வசதிகளைத் திறந்துவிட வேண்டும் என்று 2025 மார்ச் மாதம் ஐரோப்பிய ஆணையம் உத்தரவிட்டது. ஆப்பிள் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்தது. அந்த உத்தரவு ஐரோப்பாவுக்கு மட்டும்தான். இந்தியாவில் உள்ள ஐபோன்களை அது கட்டுப்படுத்தாது.

அப்படியென்றால் இரண்டு பக்கமும் வேலை செய்யும் வாட்ச் எது? ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டைட்டன், அதன் ஃபாஸ்ட்ராக், நாய்ஸ், போட் போன்ற இந்திய பிராண்டுகளின் வாட்ச்கள் பொதுவாக ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் இணையும். டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் சேர்ந்து 1984-ல் தொடங்கியதுதான் டைட்டன்.

இவற்றில் பெரும்பாலானவை எளிய மென்பொருளில் இயங்குபவை. பேட்டரி பல நாள் தாங்கும், விலையும் குறைவு. ஆனால், வாட்ச்சுக்குள் புதுப்புது செயலிகளை நிறுவ வாய்ப்பு குறைவு.

டிவி ஸ்டிக்கில் என்ன சண்டை?

வாட்ச் சண்டையாவது அமைதியாக நடந்தது. டிவி ஸ்டிக் சண்டை வெளிப்படையாகவே நடந்தது.

2015 அக்டோபரில், கூகுளின் குரோம்காஸ்ட், ஆப்பிள் டிவி ஆகிய இரண்டையும் விற்பதை நிறுத்துவதாக அமேசான் அறிவித்தது. தங்கள் பிரைம் வீடியோ அவற்றில் சரியாக வேலை செய்வதில்லை என்று காரணம் சொன்னது. பதிலுக்கு 2017 டிசம்பரில் அமேசானின் ஃபயர் டிவியில் இருந்து யூடியூப்பை கூகுள் விலக்கியது.

ஃபயர் டிவி ஸ்டிக் இந்தியாவில் விற்பனைக்கு வந்ததே 2017 ஏப்ரலில்தான். காசு கொடுத்து வாங்கியவர்கள், சில மாதங்களிலேயே யூடியூப் பார்க்க பிரவுசர் வழியாகச் சுற்றி வர வேண்டியதாயிற்று. சண்டை போட்டது இரண்டு கம்பெனிகள், அவதிப்பட்டது வாங்கியவர்கள்.

2019 ஜூலை மாதம் சமாதானம் ஏற்பட்டது. ஃபயர் டிவிக்கு யூடியூப் செயலி திரும்பியது. பிரைம் வீடியோ செயலியில் குரோம்காஸ்ட் வசதி வந்தது.

இந்தியாவில் நடந்த வழக்கு என்ன?

இது டிவி வாங்கும் ஒவ்வொருவரையும் தொடும் விஷயம். ஸ்மார்ட் டிவிக்குள் ஓடும் மென்பொருளை யார் தீர்மானிப்பது என்பதுதான் கேள்வி.

கூகுளின் ப்ளே ஸ்டோர் வேண்டும் என்றால், டிவி தயாரிக்கும் கம்பெனி கூகுளுடன் ஒப்பந்தம் போட வேண்டும். அதன்படி கூகுளின் செயலிகள் முழுவதையும் கட்டாகச் சேர்த்துத்தான் தர வேண்டும். அதோடு, ஆண்ட்ராய்டை மாற்றியமைத்து உருவாக்கப்பட்ட வேறு மென்பொருளில் சாதனம் தயாரிக்கவும் கட்டுப்பாடு இருந்தது. அமேசானின் ஃபயர் ஓஎஸ் அப்படி ஆண்ட்ராய்டில் இருந்து உருவானதுதான்.

இதன் விளைவு என்ன? ஒரு கம்பெனி ஃபயர் டிவி ஒன்றைத் தயாரித்தால், அதன் மற்ற சாதனங்களுக்குக் கிடைக்கும் கூகுள் செயலிகளுக்கும் ஆபத்து வரலாம். அந்த ரிஸ்க்கை யார் எடுப்பார்கள்?

இதுதொடர்பான புகாரின் பேரில் இந்திய போட்டி ஆணையம், அதாவது சிசிஐ, 2021 ஜூன் மாதம் விசாரணைக்கு உத்தரவிட்டது. 2025 ஏப்ரல் 21-ம் தேதி வழக்கு சமரசத்தில் முடிந்தது. கூகுள் ரூ.20.24 கோடி செலுத்த ஒப்புக்கொண்டது. 2023-ல் திருத்தப்பட்ட போட்டிச் சட்டத்தின் கீழ் நடந்த முதல் சமரசம் இதுதான்.

சமரசத்தின்படி கூகுள் ஒப்புக்கொண்ட முக்கிய விஷயங்கள் இரண்டு:

• இந்தியாவில் விற்கும் ஆண்ட்ராய்டு டிவிகளுக்கு ப்ளே ஸ்டோர், ப்ளே சர்வீசஸ் ஆகியவற்றைத் தனியாகக் கட்டணம் செலுத்தி வாங்கிக்கொள்ளலாம். எல்லா கூகுள் செயலிகளையும் சேர்த்து வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

• கூகுள் செயலிகள் இல்லாமல் இந்தியாவில் விற்கும் சாதனங்களுக்கு, பழைய பொருந்துதல் ஒப்பந்தம் தேவையில்லை. அதாவது, ஒரே கம்பெனி கூகுள் டிவியும் செய்யலாம், வேறு மென்பொருள் டிவியும் செய்யலாம்.

இதற்கு முன்பே, ஆண்ட்ராய்டு போன்கள் தொடர்பான வேறொரு வழக்கில் 2022 அக்டோபரில் கூகுளுக்கு ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்தது சிசிஐ. தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச்சில் அந்த அபராதத்தை உறுதி செய்தது; ஆனால் சிசிஐயின் சில நிபந்தனைகளை ரத்து செய்தது.

இப்போது சந்தையில் தேர்வுகள் கூடியுள்ளன. ரெட்மி பிராண்டில் ஃபயர் டிவி 2023-லேயே வந்தது. ரிலையன்ஸ் ஜியோ 2025 பிப்ரவரியில் ‘ஜியோ டெலி ஓஎஸ்’ என்ற சொந்த டிவி மென்பொருளை அறிமுகம் செய்தது. சாம்சங்கின் டைசன், எல்ஜியின் வெப் ஓஎஸ் ஆகியவை ஏற்கெனவே இருக்கின்றன.

தயாரிப்பது ஒரே குழுமம், போட்டி மட்டும் தனித்தனி!

தமிழ்நாட்டுக்கும் இந்தப் போட்டியில் பங்கு உண்டு. ஃபயர் டிவி ஸ்டிக்கை சென்னையில் தயாரிக்கப் போவதாக 2021 பிப்ரவரியில் அமேசான் அறிவித்தது. தயாரிப்பைப் பெற்ற நிறுவனம், ஃபாக்ஸ்கானின் துணை நிறுவனமான கிளவுட் நெட்வொர்க் டெக்னாலஜி. ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் தயாரிப்பதும் அதே ஃபாக்ஸ்கான் குழுமம்தான்.

ஆக, ஐபோனும் ஃபயர் டிவி ஸ்டிக்கும் ஒரே குழுமத்தின் கையில் உருவாகின்றன. பிரிவு தொடங்குவது தொழிற்சாலையில் அல்ல, அதற்குள் ஏற்றப்படும் மென்பொருளில்.

கம்பெனியே கைவிட்டால் என்ன ஆகும்?

ஈகோசிஸ்டத்தில் உள்ள பெரிய ஆபத்து இதுதான். சாதனம் நம் கையில் இருந்தாலும், அதை இயக்கும் சர்வர் கம்பெனியின் கையில் இருக்கிறது.

2012-ல் பொதுமக்களிடம் நிதி திரட்டி வந்த பெப்பிள் வாட்ச் இதற்கு நல்ல உதாரணம். ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் அது வேலை செய்தது. 2016 இறுதியில் பெப்பிளின் மென்பொருள் பிரிவை ஃபிட்பிட் வாங்கியது. 2018 ஜூன் மாதத்துடன் அதன் சர்வர் சேவைகள் நிறுத்தப்பட்டன. ரசிகர்கள் சேர்ந்து ‘ரெபிள்’ என்ற பெயரில் மாற்றுச் சேவை நடத்தி அந்த வாட்ச்களைக் காப்பாற்றினார்கள். பிறகு ஃபிட்பிட்டையே 2021-ல் கூகுள் வாங்கி முடித்தது.

டிவி ஸ்டிக்குகளுக்கும் இதே கதிதான். 2025 மார்ச் மாதம் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்கள் உலகம் முழுக்க திடீரென முடங்கின. பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்று காலாவதியானதே காரணம். சில நாட்களில் கூகுள் அப்டேட் அனுப்பிச் சரிசெய்தது. சாதனம் நன்றாக இருந்தும், ஒரு சான்றிதழ் காலாவதியானதால் டிவியில் படம் வரவில்லை.

வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

• முதலில் போன், பிறகு வாட்ச்: வீட்டில் எந்த போன் என்று பார்த்துவிட்டு வாட்ச் வாங்குங்கள். ஆண்ட்ராய்டு என்றால் ஆப்பிள் வாட்ச் வேண்டாம். ஐபோன் என்றால் கேலக்ஸி, பிக்சல் வாட்ச் வேண்டாம். பரிசு கொடுப்பவர்களும் இதைக் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

• வெளிநாட்டு வாட்ச்: சிம் வசதி கொண்ட செல்லுலார் மாடல் என்றால், இந்தியாவில் ஜியோ அல்லது ஏர்டெல்லில் அந்த மாடல் இயங்குமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். ப்ளூடூத்தில் இணைவது வேறு, இ-சிம் இயங்குவது வேறு.

• வயதான பெற்றோருக்கு: கீழே விழுந்தால் உதவிக்கு அழைக்கும் வசதிக்காக வாங்குகிறீர்கள் என்றால், அழைப்பு எப்படிப் போகும் என்று பாருங்கள். செல்லுலார் இல்லாத வாட்ச் என்றால் போன் பக்கத்தில் இருக்க வேண்டும். மலையோரப் பகுதிகளில் சிக்னல் இருக்கிறதா என்பதும் முக்கியம். வாட்ச்சை நம்பி மட்டும் விட்டுவிடக் கூடாது.

• அருவியில் குளிக்கும்போது: ‘5 ஏடிஎம்’, ‘50 மீட்டர்’ என்று போட்டிருந்தால் திற்பரப்பு அருவிக்கு அடியில் நிற்கலாம் என்று அர்த்தம் இல்லை. அது ஆய்வகத்தில் அழுத்தத்தை வைத்துக் கணக்கிட்டது. வேகமாக வந்து மோதும் தண்ணீரைத் தவிர்க்கும்படி ஆப்பிள் போன்ற நிறுவனங்களே சொல்கின்றன. வாட்ச்சைக் கழற்றி வைத்துவிடுவதே பாதுகாப்பு.

• டிவி ஸ்டிக்: எந்தெந்த ஓடிடி பார்க்கிறீர்கள் என்று எழுதி வைத்து, அவை அந்த ஸ்டிக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். ஐபோன் திரையை டிவியில் காட்ட ஏர்ப்ளே வேண்டும். ஆண்ட்ராய்டில் இருந்து காட்ட கூகுள் காஸ்ட் வசதி உதவும். எல்லா ஸ்டிக்கிலும் இரண்டும் இருக்காது.

• உடல்நலத் தகவல்: பல ஆண்டு இதயத் துடிப்பு, தூக்கக் கணக்கு எல்லாம் செயலியில்தான் இருக்கும். ஐபோனின் ஹெல்த் செயலியில் தகவலை ஏற்றுமதி செய்யும் வசதி உண்டு. ஆண்ட்ராய்டில் ‘ஹெல்த் கனெக்ட்’ வழியாக செயலிகளுக்கு இடையே பகிரலாம். போன் மாற்றும் முன்பே இதைச் செய்துவிடுங்கள், மாற்றிய பிறகு செய்வது கஷ்டம்.

• அப்டேட் எத்தனை வருடம்? விலை, கேமரா, திரை எல்லாம் கேட்கும் நாம் கேட்க மறக்கும் கேள்வி இது. மென்பொருள் ஆதரவு எதுவரை என்பதைக் கடைக்காரரிடமோ, கம்பெனி இணையதளத்திலோ பார்த்துவிட்டு பில் போடச் சொல்லுங்கள்.